உந்துவது யார்?

ஐரோப்பாவின் சைக்கிள் பிரியர்களிடையே மின்சைக்கிளின் மீது வெகுநாளாக ஒட்டிக்கொண்டிருக்கும் பழிச்சொல் ‘ஏமாற்று வேலை’. மலைச்சாலையில் மூச்சிரைக்க மிதித்து ஏறும் இளைஞரை, அறுபதைத் தாண்டிய ஒருவர் பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே முந்திப் போனால் எரிச்சல் வரத்தான் செய்யும். அந்த எரிச்சலுக்குள் பழைய சமயக் கேள்வி ஒன்று இருக்கிறது. உதவி பெற்றுச் செய்த காரியம் செய்தவருடையதா, உதவியவருடையதா? உடல் வருந்தாமல் கிடைத்த பலனுக்கு மதிப்பு உண்டா?

இந்தக் கேள்விக்கு எண்களில் பதில் எழுதிய நாடு ஜப்பான். 1993இல் யமஹா நிறுவனம் ‘பாஸ்’ என்ற பெயரில், மிதிக்கும்போது மட்டும் துணைவரும் மோட்டார் பொருத்திய சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை மோட்டார் வண்டி என்று சொல்லி உரிமம் கேட்பதா, சைக்கிள் என்று விட்டுவிடுவதா? அரசு ஒரு விகிதத்தை வகுத்தது. மணிக்கு 15 கி.மீ. வேகம் வரை மனிதர் ஒரு பங்கு உழைத்தால் மோட்டார் அதிகபட்சம் ஒரு பங்கு தரலாம். அதற்கு மேல் உதவி படிப்படியாகக் குறைந்து 24 கி.மீ.யில் நின்றுவிட வேண்டும். 2008இல் விதி தளர்ந்தது. மெதுவாகப் போகும்போது, அதாவது 10 கி.மீ. வேகம் வரை, மனிதரின் ஒரு பங்குக்கு மோட்டார் இரண்டு பங்கு தரலாம் என்றானது. குழந்தையைப் பின்னால் உட்கார வைத்து மேட்டில் கிளம்பும் தாய்க்கு உதவி மிகவும் தேவைப்படும் இடம் அதுதான்.

உழைப்பை அளப்பதற்கு வண்டிக்குள் உணரி இருக்கிறது. அதில் இரண்டு வகை. முதல் வகை, பெடல் சுற்றுகிறதா என்பதை மட்டும் பார்க்கும். காலை லேசாகச் சுழற்றினாலே போதும், மோட்டார் விழித்துக்கொள்ளும். விலை குறைந்த வண்டிகளில் பெரும்பாலும் இதுதான். இரண்டாவது வகை, பெடலை எவ்வளவு அழுத்தத்தோடு மிதிக்கிறார்கள் என்று அளக்கும். அழுத்தினால் கூடும், தளர்ந்தால் குறையும். தன் காலுக்கே பலம் வந்துவிட்டது போலிருக்கும். இவை போக, கைப்பிடியைத் திருகினால் பெடலைத் தொடாமலே ஓடும் த்ராட்டில் வண்டிகளும் உண்டு.

மிதித்தால் துணைவருவது, தொட்டாலே துணைவருவது, தொடாமலே சுமந்து செல்வது. தமிழ் வைணவ மரபு அறிந்தவருக்கு இந்தப் பிரிவினை எங்கோ கேட்டது போலிருக்கும்.

வேதாந்த தேசிகரை ஆசாரியராகக் கொண்ட வடகலையாரும், பிள்ளை லோகாசாரியரையும் மணவாள மாமுனிகளையும் பின்பற்றும் தென்கலையாரும் நூற்றாண்டுகளாக வாதிட்டது இதையொட்டித்தான். குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டி எதுவும் செய்வதில்லை; தாய்ப்பூனை வாயில் கவ்விக்கொண்டு போகிறது. இறைவனின் அருளைப் பெறும் உயிர் இவற்றில் எதைப் போன்றது? வடகலையார் குரங்குக்குட்டி என்றார்கள். தென்கலையார் பூனைக்குட்டி என்றார்கள்.

உவமையோடு நின்றுவிட்டால் வடகலையார் உழைப்புக்குக் கூலியாக அருளைக் கேட்டவர்கள் என்று தோன்றிவிடும். அவர்கள் சொன்னது அதைவிட நுட்பமானது. சரணாகதி என்ற செயல் அருளுக்கு விலை ஆகாது. அது ஒரு வியாஜம், சாக்கு. அந்தச் சாக்காவது இல்லாவிட்டால், ஒருவருக்கு அருளி இன்னொருவரை விட்டுவிடும் இறைவன் மீது பாரபட்சப் பழி விழும் என்பது அவர்கள் வாதம். தென்கலையார் அந்தச் சாக்கும் வேண்டாம் என்றார்கள். காரணம் தேடி வருவது கருணையே அல்ல என்பது அவர்கள் நிலை. ஆக, குட்டியின் பிடி தாயின் பாய்ச்சலுக்கு ஈடாகிவிட்டது என்று இரு தரப்பிலும் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. மலைச்சாலையில் எரிச்சல்பட்ட இளைஞர்தான் பார்க்கிறார். வியர்வையை நாணயமாகவும் உச்சியைச் சரக்காகவும் எண்ணினால்தான் ‘ஏமாற்று’ என்ற சொல்லுக்கே இடம் உண்டு.

வியர்வையே காணிக்கையாகும் இடங்கள் இல்லாமல் இல்லை. ஸ்பெயினின் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா தேவாலயத்துக்குப் போகும் யாத்ரிகர்களுக்கு ‘கொம்போஸ்தெலா’ என்ற சான்று தருகிறார்கள். அதைப் பெற நடப்பவர் குறைந்தது 100 கி.மீ. நடந்திருக்க வேண்டும். சைக்கிளில் வருபவருக்கு 200 கி.மீ. காரிலும் பஸ்ஸிலும் வந்தவருக்குச் சான்று கிடையாது. சக்கரம் தரும் சலுகையைத் தூரத்தை இரட்டிப்பாக்கி ஈடுகட்டியிருக்கிறார்கள். பழனியில் வேறு வழக்கம். படியேறியும் போகலாம், யானைப்பாதை, விஞ்ச் இருக்கின்றன, 2004இல் ரோப் காரும் வந்தது. விஞ்சில் ஏறியவருக்கு முருகன் பாதி முகம்தான் காட்டுவான் என்று மலையடிவாரத்தில் யாரும் சொல்வதில்லை. ஆனால் பாதயாத்திரை வருவதாக வேண்டிக்கொண்டவர் நடுவழியில் பஸ் ஏறிவிட்டால் நேர்த்திக்கடன் தீர்ந்ததாக அவர் மனமே ஒப்பாது.

அப்படியானால் வேறுபாடு மோட்டாரில் இல்லை, கொடுத்த வாக்கில் இருக்கிறது. 2016இல் பெல்ஜியத்தின் ஸோல்டரில் நடந்த உலக சைக்ளோகிராஸ் போட்டியின்போது ஓர் இளம் வீராங்கனைக்கான சைக்கிளின் சட்டத்துக்குள் மோட்டார் மறைத்து வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. ஆறு ஆண்டுத் தடை விதித்தார்கள். தன் காலால் மட்டுமே ஓட்டுவதாக ஒப்புக்கொண்டு இறங்கும் களம் அது. அலுவலகத்துக்கோ ரேஷன் கடைக்கோ போகிறவர் அப்படி யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

உடலின் கணக்கும் ஒழுக்கவாதியின் கணக்கோடு ஒத்துப்போவதில்லை. ஏழு ஐரோப்பிய நகரங்களில் திரட்டிய தரவுகளைக் கொண்டு 2019இல் வெளியான ஆய்வு, மின்சைக்கிள் ஓட்டுபவர்களின் வாராந்தர உடலுழைப்பு சாதாரண சைக்கிள் ஓட்டுபவர்களின் உழைப்புக்குக் குறையவில்லை என்று கண்டது. ஒவ்வொரு மிதியிலும் உழைப்பு குறைவுதான். ஆனால் அவர்கள் அதிக தூரம் போனார்கள். முழங்கால் வலிக்கும், எதிர்க்காற்றுக்கும், மேம்பாலத்துக்கும் பயந்து சைக்கிளை ஓரங்கட்டியவர்கள் மறுபடி வெளியே வருவதற்கும் இதே துணைதான் காரணமாகிறது. சராசரி உடல்வாகு உள்ளவர் தொடர்ந்து மிதித்தால் 75 முதல் 100 வாட் வரை சக்தி தருவார். அதன்மேல் 250 வாட் மோட்டார் சேர்ந்தால் மேம்பாலம் சமதளமாகிவிடும்.

மிதிப்பதைப் புண்ணியமாக எண்ணாத, ஓய்வையே கட்டளையாகக் கொண்ட மரபு இதை நேர் எதிர்த் திசையிலிருந்து பார்த்தது. யூதர்களின் சப்பாத் நாளில் வேலை செய்வது விலக்கு. சைக்கிள் புதிதாக வந்த காலத்தில் அதை அன்று ஓட்டலாமா என்று கேட்டபோது, 1909இல் காலமான பாக்தாத் ரபி யோசெஃப் ஹய்யிம் சில நிபந்தனைகளோடு அனுமதிக்க முன்வந்தார். பின்வந்த அறிஞர்கள் பெரும்பாலோர் மறுத்தார்கள். வழியில் பழுதானால் பழுதுபார்க்கத் தோன்றும், அது வேலை. அந்த நாளில் போகலாம் என்று வகுத்த தூர எல்லையைக் கடந்துவிடவும் கூடும். மின்சாரம் வந்ததும் சிக்கல் இறுகியது. மோட்டார்தான் உழைத்தது, நான் உழைக்கவில்லை என்ற சமாதானம் அங்கே எடுபடாது. மின்சுற்றை மூடிய கை யாருடையதோ, செயலும் அவருடையதே. ஆனாலும் நடக்க முடியாதவர் தொழுகைக்கூடத்துக்கு எப்படிப் போவார்? இஸ்ரேலின் ஸோமெட் நிறுவனம், பயனாளியின் செயல் நேரடியாக இல்லாமல் மறைமுகமாக விளைவைத் தருமாறு சுற்றை அமைத்து, மாற்றுத்திறனாளிகளுக்கான மின்வண்டிகளை உருவாக்கியது. உந்தியது யார் என்ற கேள்வியை மின்சுற்று வரைபடம் வரை கொண்டுபோனவர்கள் அவர்கள்.

இதுவரை பார்த்ததெல்லாம் ஓட்டுபவரை மட்டும் சுற்றி வரும் கேள்விகள். அவர் உழைத்தாரா, அவர் வாக்குத் தவறினாரா, அவர் கை செய்ததா. மின்சைக்கிளைப் பற்றி இவற்றைவிடக் கனமான கேள்வியை எழுப்பியவர்கள் குதிரைவண்டியில் போகிறவர்கள்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஹோம்ஸ் கவுன்ட்டி இருக்கிறது. ஆமிஷ் மக்கள் அடர்த்தியாக வாழும் இடம். 1693இல் யாகோப் அம்மானின் தலைமையில் சுவிட்சர்லாந்து, அல்சாஸ் பகுதிகளில் தனியாகப் பிரிந்த இந்தக் கிறிஸ்தவக் குழுவினர் இன்று வட அமெரிக்காவில் நான்கு லட்சத்துக்கும் அதிகம். இயந்திரம் என்றாலே விலகி ஓடுபவர்கள் என்று வெளியே நினைப்பு. உண்மையில் அவர்கள் ஒவ்வொரு இயந்திரத்தையும் தனித்தனியே விசாரிக்கிறார்கள். வாடகைக் காரில் ஏறலாம். கார் வைத்திருக்கக் கூடாது. தொலைபேசி வீட்டுக்குள் வேண்டாம். பல ஊர்களில் வெளியே கொட்டகையில் இருக்கலாம். பேட்டரி ஆகும், ஊர் மின்கம்பி ஆகாது. வெளியாருக்கு முரணாகத் தோன்றும் இந்தப் பட்டியலுக்கு அடியில் ஓடுவது ஒரே விசாரணை: இது வீட்டுக்குள் வந்தால் குடும்பம் சேர்ந்திருக்குமா, சிதறுமா? அண்டை வீட்டாரின் தேவை இருக்குமா, இல்லாமல் போகுமா?

பதிலைத் தனி ஆள் முடிவு செய்வதில்லை. இருபது, முப்பது குடும்பங்கள் சேர்ந்தது ஒரு திருச்சபை வட்டம். ஆண்டுக்கு இருமுறை, நற்கருணை வழிபாட்டுக்கு முன்பு, ‘ஆர்ட்னுங்’ எனப்படும் நடைமுறை ஒழுங்கை உறுப்பினர்கள் சேர்ந்து உறுதிப்படுத்துகிறார்கள். அதனால் வட்டத்துக்கு வட்டம் விதி மாறும். பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதி ஆமிஷ் மக்கள் பொதுவாகச் சாதாரண சைக்கிளைக்கூட ஏற்பதில்லை. ஒரு காலைத் தரையில் உந்தித் தள்ளும் வண்டியில்தான் போகிறார்கள். சைக்கிள் ஒருவரை வீட்டிலிருந்து மிகத் தொலைவுக்குக் கொண்டுபோய்விடும் என்ற அச்சமே காரணம். ஹோம்ஸ் கவுன்ட்டியிலோ பல வட்டங்கள் சைக்கிளை ஏற்றிருந்தன. அண்மை ஆண்டுகளில் அங்கே மின்சைக்கிளும் பரவியது. கம்பி மின்சாரம் இல்லாத வீடுகளில் சூரியத் தகடு பேட்டரியை நிரப்புகிறது.

குதிரைவண்டி மணிக்கு 13 முதல் 16 கி.மீ. போகும். சேணம் பூட்ட வேண்டும், போன இடத்தில் கட்டிவைக்க வேண்டும், தண்ணீர் காட்ட வேண்டும். மரப்பட்டறைக்கோ தொழிற்கூடத்துக்கோ தினமும் போய்வர அது தோதுப்படாது. வாடகைக் கார் வைத்தால் செலவு. மின்சைக்கிள் காரின் தேவையைக் குறைக்கிறது, ஊருக்குள்ளேயே வேலை பார்த்து மாலையில் குடும்பத்தோடு இருக்க உதவுகிறது என்பது ஏற்பதற்கான நியாயம். மறுப்பதற்கும் நியாயம் உண்டு. குதிரைவண்டியில் குடும்பமே ஏறும். சைக்கிளில் ஒருவர்தான் போகலாம். குதிரை குறைந்தால் லாடம் அடிப்பவரும் சேணம் தைப்பவரும் புல் வளர்ப்பவரும் குறைவார்கள். சில வட்டங்கள் ஏற்றன, சில ஏற்கவில்லை. மோட்டார் துணையோடு மிதிப்பவர் சோம்பேறியா என்பது இந்த விவாதத்தின் நடுப்பொருளாக இல்லை.

ஆமிஷ் சபைகள் கூடிப் பேசித் தேடும் எல்லையை இவான் இல்லிச் ஓர் எண்ணாகவே எழுதிவைத்தார். வியன்னாவில் பிறந்து, கத்தோலிக்கக் குருவாகி, 1969இல் குருப்பணியை விட்டு விலகிய சிந்தனையாளர் அவர். எண்ணெய் நெருக்கடி உலகை உலுக்கிய 1973இல் ஆற்றலும் சமத்துவமும் பற்றி அவர் எழுதிய கட்டுரை பிரான்ஸின் ‘லெ மோந்த்’ நாளிதழில் வந்தது. அதில் அவர் போட்ட கணக்கு பிரசித்தம். சராசரி அமெரிக்க ஆண் காரை ஓட்டவும், நிறுத்தவும், அதற்கான பணத்தைச் சம்பாதிக்கவும் ஆண்டுக்கு 1,600 மணி நேரம் செலவிட்டு 7,500 மைல் போகிறான். வகுத்துப் பார்த்தால் மணிக்கு ஐந்து மைல்கூட இல்லை. விறுவிறுவென்று நடப்பவரின் வேகம் அது.

வண்டிகள் மணிக்கு ஏறத்தாழ 15 மைல் வேகத்தைத் தாண்டும்போது சமத்துவம் சரியத் தொடங்குகிறது என்பது இல்லிச்சின் வாதம். வேகமாகப் போகிறவருக்காகச் சாலை அகலும், கடையும் பள்ளியும் தள்ளிப் போகும், நடப்பவரின் நேரம் திருடப்படும். சைக்கிள் அந்த எல்லைக்குள் நிற்பதால்தான் அவர் அதைக் கொண்டாடினார். 15 மைல் என்றால் 24 கி.மீ. ஜப்பானிய மோட்டார் நிற்கும் இடமும் 24. ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வாட் மோட்டாரின் துணை 25 கி.மீ.யில் நின்றுவிட வேண்டும். இந்தியாவில் 250 வாட்டுக்கும் 25 கி.மீ.க்கும் உட்பட்டு எடையும் குறைவாக இருந்தால் உரிமமும் பதிவும் வேண்டாம். சட்டம் வகுத்தவர்கள் இல்லிச்சைப் படித்து இதைச் செய்யவில்லை. நடப்பவரை மோதினால் என்ன ஆகும் என்ற பாதுகாப்புக் கணக்கில் அங்கே வந்து சேர்ந்தார்கள். உயிருள்ள உடலின் அருகில் ஓடக்கூடிய வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதில் குருவும் பொறியாளரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள்.

ஓட்டப் பழகுபவருக்கு இந்த எல்லை முதல் நாளே காலில் தெரியும். 25ஐத் தொட்டதும் துணை விலகி, பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்து 20 கிலோவைத் தாண்டிய வண்டியின் முழு எடையும் காலுக்கு வரும். நின்று கிளம்பும்போது நேர்மாறு. முதல் மிதியிலேயே வண்டி பாய்வதால், துணையைக் குறைந்த படியில் வைத்துக் காலி இடத்தில் பழகுவது நல்லது. பெடலில் கால் வைத்துக்கொண்டு சிக்னலில் நிற்கக் கூடாது. எடை கூடிய வண்டிக்கு பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும். மேட்டுக்கு முன்பே கியரைக் குறைத்துவிட்டால் மோட்டாரும் சூடாகாது. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரி முழுதாக நிரம்ப ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் போதும்.

மலிவு என்ற அந்தக் கணக்கில் சேராத விலை ஒன்று இருக்கிறது. உணவு கொண்டுசேர்க்கும் தொழிலாளர்கள் மின்சைக்கிளை நம்பி வாழும் நியூயார்க் நகரத்தில் 2023இல் மட்டும் லித்தியம் பேட்டரித் தீ விபத்துகளில் 18 பேர் இறந்தார்கள். தரச்சான்று பெறாத பேட்டரியை விற்கக் கூடாது என்று நகராட்சி அதே ஆண்டு சட்டத்தை அமலாக்கியது. நல்ல பேட்டரிக்குக் காசு இல்லாதவர்தான் மட்டமான பேட்டரியையும் பொருந்தாத சார்ஜரையும் வைத்துச் சமாளிக்கிறார். தீப்பிடித்தால் மாடியில் தூங்கும் அண்டைவீட்டாரும் சேர்ந்து எரிகிறார்.

இயந்திரம் யாருடைய பாரத்தைக் குறைக்கிறது, யார் தலையில் ஏற்றுகிறது என்று காந்தியிடம் நேரே கேட்டவர் ஜி. ராமச்சந்திரன். 1924இல் சாந்திநிகேதன் மாணவராக இருந்த அவர், எல்லா இயந்திரங்களையுமா எதிர்க்கிறீர்கள் என்றார். காந்தி சொன்ன பதில் அந்த நவம்பரில் ‘யங் இந்தியா’வில் வெளியானது. இந்த உடலே நுட்பமான இயந்திரம், ராட்டையும் இயந்திரம்; தான் எதிர்ப்பது இயந்திர மோகத்தை என்றார். சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விதிவிலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துச் சலிப்பதைக் காணப் பொறுக்காத அன்பிலிருந்து பிறந்தது அது என்பது அவர் சொன்ன காரணம். மாணவர் விடவில்லை. அந்த இயந்திரத்தைச் செய்யப் பெரிய ஆலை வேண்டுமே? ஆம், அப்படிப்பட்ட ஆலைகள் அரசின் கையில் இருக்கட்டும் என்றார் காந்தி.

அந்த மாணவரும் அவர் மனைவியான மருத்துவர் டி.எஸ். சவுந்தரம் அம்மையாரும் 1947இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். சவுந்தரம் அம்மையாரின் தந்தை டி.வி. சுந்தரம் அய்யங்கார். அவர் தொடங்கிய குழுமத்தில் வளர்ந்த டிவிஎஸ் மோட்டார், 2022இல் சுவிட்சர்லாந்தில் மின்சைக்கிள் விற்கும் பெரிய நிறுவனம் ஒன்றின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. ராமச்சந்திரன் எழுப்பிய இரண்டாம் கேள்வி அதே குடும்பக் கிளையின் வழியாக நூறாண்டு கழித்து வேறு உருவில் வந்து நிற்கிறது. சைக்கிள் கைக்கு அடக்கமானதுதான். அதற்குள் இருக்கும் மின்கலத்தின் சுரங்கமும் ஆலையும் அப்படியல்ல, அவை யார் கையிலும் இருக்கலாம்.

உலகில் அதிகமான மின்சைக்கிள்கள் ஓடும் நாடான சீனாவில் இந்த விவாதங்கள் அண்மையில் விநோதமான முடிவுக்கு வந்தன. 2018இல் வகுத்து அடுத்த ஆண்டு அமலான தேசியத் தரம், வண்டி 25 கி.மீ.யைத் தாண்டக் கூடாது, மிதித்து ஓட்டப் பெடல் கட்டாயம் இருக்க வேண்டும் என்றது. மக்கள் பெடலைத் தொடவே இல்லை. பலர் கழற்றி வைத்துவிட்டு மோட்டாரில் மட்டும் ஓட்டினார்கள். 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தரம், மோட்டாரால் மட்டும் ஓடும் வண்டிகளுக்குப் பெடல் கட்டாயமில்லை என்று விட்டுக்கொடுத்தது. குரங்குக்குட்டியின் பிடி அங்கே சட்டத்திலிருந்தே நீங்கியது. 25 கி.மீ. எல்லையை மட்டும் தளர்த்தவில்லை. அதை யாரும் மாற்றிவிடாதபடி தயாரிப்பு நிலையிலேயே கட்டுப்பாடுகளை இன்னும் இறுக்கியிருக்கிறார்கள்.